மருந்து இல்லை என்றால், எங்கே இல்லை என்று கேளுங்கள்

அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையின் பெரும்பகுதி 2022இல் நடந்தது. இலங்கையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. நாங்கள் பாவிக்கும் மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. பெட்ரோல் வரிசையும் காஸ் வரிசையும் வீதியில் தெரிந்தன. மருந்துக்குக் காத்திருந்தவர்கள் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்ததால் வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை.

கொழும்பில் உள்ள ஓர் அரச வைத்தியசாலை, பெயர் வேண்டாம். அங்கே இருந்த டொக்டர்களும், மிஸ் என்று நாங்கள் கூப்பிடும் நேர்ஸ்மாரும் தங்கள் கையில் இல்லாத ஒன்றுக்காக நாள் முழுக்க ஏச்சு வாங்கியவர்கள். அந்தக் காலத்தில் நானும் அம்மாவும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டொலர் நெருக்கடி தணிந்தாலும் ஏதாவது ஒரு மருந்து தீர்ந்துபோவது நிற்கவில்லை. இப்போதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து தெரிந்தவர்கள் போன் எடுத்து, “அக்கா, மருந்து இல்லையாம், என்ன செய்யிறது?” என்று கேட்கிறார்கள்.

தட்டுப்பாடு ஒரே நாளில் வந்து கதவைத் தட்டவில்லை. முதலில் வாந்தியை நிறுத்தும் ஊசியை வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். அப்புறம் ஊசி, சேலைன் செட், கையுறை என்று சின்னச் சாமான்கள். அதன் பிறகு நாங்கள் பழகியிருந்த மருந்தின் பெட்டி மாறி, வேறு கம்பனிப் பெட்டி வந்தது. அதற்கும் பிறகுதான் “இந்தக் கிழமை வேண்டாம், அடுத்த கிழமை வாங்க” என்ற பேச்சு தொடங்கியது.

அம்மாவுக்கு முதலில் கொடுத்தது டொக்சோருபிசின், சைக்ளோபொஸ்பமைட் என்ற இரண்டு கீமோ மருந்துகள். 21 நாளுக்கு ஒரு தடவை. டொக்சோருபிசின் சிவப்பு நிறம் என்பதால் வாட்டில் எல்லாருக்கும் அது சிவப்பு மருந்துதான். ஒரு தடவை அம்மாவின் திகதியைச் சில நாட்கள் தள்ளினார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மிஸ் ஒருவர் நேரம் ஒதுக்கி விளக்கினார். மருந்தின் அளவை ஆளின் உயரத்தையும் நிறையையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். குப்பியோ குறிப்பிட்ட அளவில்தான் வருகிறது. ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சுவதை அடுத்த கிழமைவரை வைத்திருக்க முடியாது. அதனால் ஒரே மருந்து எடுப்பவர்களை ஒரே நாளில் கூப்பிட்டால் ஒருவரின் குப்பியில் மிஞ்சியது இன்னொருவருக்குப் போய்ச் சேரும், துளியும் வீணாகாது. அளவைக் குப்பிக்கு ஏற்றபடி 10 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைப்பதும் பல நாடுகளில் உள்ள வழக்கம். இதெல்லாம் தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். திகதி மாறினால் “ஏன் மாறியது? இந்தத் தாமதம் சிகிச்சையைப் பாதிக்குமா?” என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதில் ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும். வேகமாக வளரும் லிம்போமாவுக்கும் சிறு பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் நாள் தள்ளுவது பெரிய விஷயம். தினம் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் போடும் தமொக்சிபென் குளிசையில் ஓரிரு நாள் தவறுவது அவ்வளவு பெரிய விஷயம் அல்ல.

பில்கிராஸ்டிம் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் விழும்; அதைத் தூக்கிவிடத் தோலுக்கடியில் போடும் ஊசி இது. அம்மாவுக்குக் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகு, தொடர்ந்து சில நாட்கள் போட வேண்டியிருந்தது. வைத்தியசாலையில் அது இல்லாத நேரங்களில் வெளியே வாங்கி வீட்டில் வைத்து, பக்கத்தில் இருந்த நேர்ஸ் ஒருவரைக் கொண்டு போட்டோம். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்க வேண்டிய மருந்து. நாட்டில் கரண்ட் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனது.

நாங்கள் செய்தது இது. ஊசிகளைப் பிரிட்ஜ் கதவில் வைக்கவில்லை; அங்கேதான் சூடு முதலில் ஏறும். ஐஸ் பெட்டிக்கு நேர் கீழேயும் வைக்கவில்லை, உறைந்துவிடும். உறைந்துபோனால் டொக்டரிடமோ பார்மசியிலோ கேட்காமல் அந்த ஊசியைப் பாவிக்கக் கூடாது. நடுத் தட்டில் வைத்து, சுற்றிவரத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கினோம். குளிர்ந்த தண்ணீர் கரண்ட் போன பிறகும் நெடுநேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே போட்டோம். கரண்ட் போனால் வீட்டில் யாரும் பிரிட்ஜைத் திறக்கக் கூடாது என்று சட்டம். மின்வெட்டு நீண்ட நாட்களில், தெருமுனையில் ஜெனரேட்டர் வைத்திருந்த பார்மசிக்காரரிடமே மருந்தை விட்டுவைத்து, அன்றன்றைக்கு ஒன்றாக எடுத்து வந்தோம். காசு முழுவதையும் முதலே கட்டினோம். அவர் பெயர் எழுதித் தனியாக வைத்துத் தந்தார். ஐஸ் பையில் கொண்டுவரும்போது ஐஸ் நேராக மருந்தில் படாமல் ஒரு துவாய் சுற்ற வேண்டும். வெளியே எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், எறியாதீர்கள்.

அந்த ஊசி ஒரு தடவை எங்கும் கிடைக்கவே இல்லை. டொக்டர் சொன்னது: “ஊசி இல்லாட்டி கவனத்தைக் கூட்டுங்க. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டா பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், நேரா வாங்க.” பெட்ரோல் இல்லாத காலம். ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த வாகனம் என்று முதலே பேசி வைத்தோம். பக்கத்து வீட்டு ஓட்டோ அண்ணன் தன் வண்டியில் அதற்கென்று கொஞ்சம் பெட்ரோலை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்; அதைக் கூப்பிடும் 1990 என்ற இலக்கத்தையும் எல்லாரும் போனில் பதிந்து வைத்தோம். கீமோ எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், தட்டுப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வெப்பமானியும் ஒரு வாகன ஏற்பாடும் இருக்கத்தான் வேண்டும்.

எங்களை உண்மையில் உலுக்கியது டிரஸ்டுசுமாப். அம்மாவின் கட்டி, ஹெர்2 என்ற புரதம் கூடுதலாக உள்ள வகை. அதற்கு இந்த மருந்தை 3 கிழமைக்கு ஒரு தடவை ஓராண்டு கொடுப்பார்கள். இதை உலக சுகாதார நிறுவனம் 2015இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எங்களைப் போன்ற குடும்பங்கள் மாதச் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை அல்ல. அரச வைத்தியசாலையில் அது இலவசமாகக் கிடைத்தது என்பதை நன்றியோடுதான் சொல்கிறேன். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே போன்றவர்கள் போட்ட அடித்தளம் அது. அந்த அடித்தளம் 2022இல் ஆடியது.

ஒரு முறை மருந்து வரவில்லை. வந்தபோது அம்மா முன்பு எடுத்து 6 கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. டிரஸ்டுசுமாபில் முதல் தடவை கிலோவுக்கு 8 மில்லிகிராம், அதன் பிறகு கிலோவுக்கு 6 மில்லிகிராம். உரிய திகதியிலிருந்து ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் மறுபடி 8இலிருந்து தொடங்க வேண்டும். அம்மா 60 கிலோ. வழமையாக 360 மில்லிகிராம் போதும். 440 மில்லிகிராம் குப்பி ஒன்றில் முடிந்துவிடும். பிந்தியதால் 480 தேவைப்பட்டது. ஒரு குப்பியில் அடங்கவில்லை. மருந்து இல்லாமல் பிந்தியவருக்கு, பிந்திய காரணத்தால் இன்னும் கூடுதலான மருந்து தேவைப்படுகிறது. பத்துப் பேருக்கு இப்படி ஆனால் அந்த வாட்டின் கையிருப்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டுப்பாடு தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது இப்படித்தான்.

இதே நேரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவருக்கு வேறொரு மருந்து. நோய் ஈரல்வரை பரவியிருந்தது. வந்திருந்த கொஞ்ச மருந்தைக் குணமாகக்கூடியவர்களுக்கு முதலில் கொடுப்பது என்று டொக்டர்கள் முடிவெடுத்தார்கள். அவருக்குக் கொடுப்பதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். மருத்துவ நெறியில் அதற்கு நியாயம் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவர் சங்கங்களும் இதே வழியைத்தான் சொன்னன. ஆனாலும், அந்த அம்மாவின் மகள் என் வயதுக்காரி. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. அந்த முடிவைச் சொல்ல வந்த இளம் டொக்டருக்கும் குரல் உடைந்தது. மருந்து இருந்திருந்தால் அவர் அப்படி ஒரு வேலையைச் செய்ய வேண்டியே வந்திருக்காது.

அமெரிக்காவிலேயே தட்டுப்பாடா என்று கேட்கிறார்கள். ஆமாம். அந்தச் சிஸ்பிளாட்டினில் பாதியளவை அவர்களுக்குக் கொடுத்தது இந்தியாவில், குஜராத்தில் உள்ள ஒரே தொழிற்சாலை. 2022 கடைசியில் நடந்த பரிசோதனையில் தரக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு அங்கே உற்பத்தி நின்றது. சிஸ்பிளாட்டின் 1978இலேயே பாவனைக்கு வந்த பழைய மருந்து, விலை குறைவு. விலை குறைந்த ஊசி மருந்தில் லாபம் இல்லையென்று கம்பனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். அதில் ஒருவர் நின்றால் உலகம் முழுக்க அடி விழுகிறது. எங்களுக்கு அதற்கு மேல் டொலரும் இல்லை.

சரி, மருந்து இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? எங்கே இல்லை என்று கேளுங்கள். வாட்டில் முடிந்திருக்கலாம், பார்மசியில் இருக்கும். பார்மசியில் முடிந்திருக்கலாம், வைத்தியசாலை ஸ்டோர்ஸில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் வேறு அரச வைத்தியசாலையிலிருந்து கடனாக எடுக்க முடியும். இது அடிக்கடி நடப்பதுதான். நாட்டுக்கான மருந்தைக் கணக்கிட்டு எல்லா வைத்தியசாலைக்கும் பிரித்துக் கொடுப்பது சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு. அதற்காகக் கேள்விமனு கோரி வாங்குவது மருந்துக் கூட்டுத்தாபனம். அந்த மட்டத்திலும் இல்லையென்றால் வைத்தியசாலையே வெளியே வாங்கலாம். எல்லாரும் அதை லோக்கல் பேர்ச்சேஸ் என்றுதான் சொல்வார்கள். அதற்கு டொக்டர் எழுத வேண்டும், பணிப்பாளர் ஒப்பம் வேண்டும், நாளெடுக்கும். நாளெடுக்கும் என்பதால்தான் மருந்து போட வேண்டிய திகதிக்கு வெகுமுன்பே கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவை மருந்து ஏற்றி முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன், “அடுத்த தடவைக்கு மருந்து கையிருப்பில் இருக்கா மிஸ்?” என்று நாங்கள் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். சில நாள் சலிப்போடு பதில் வரும். பரவாயில்லை, பதில் வரும்.

இதைக் கேட்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். மலையகத்தில், ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு அக்கா வருவார். விடியுமுன் பஸ் ஏறி, கூட வரும் கணவரின் நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வருபவர். அவருக்குக் கிழமைக்கு ஒரு தடவை பக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து. ஒரு நாள் அவர் பையோடு திரும்பிப் போவதைப் பார்த்துக் கேட்டேன். “சிங்களத்துல சொன்னாங்க. மருந்து இல்ல, பொறகு வாங்கன்னு நெனக்கிறேன்” என்றார். எப்போது வர வேண்டும் என்பது விளங்கவில்லை; போன தடவையும் இப்படியே திரும்பியிருக்கிறார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். கம்பனி மாறிய மருந்து வந்திருந்தது. பதிவு செய்து முடிய மத்தியானம் ஆகும் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே அவருக்கு மருந்து ஏறியது.

மருந்து குறைவாக இருக்கும்போது, பாஷை தெரிந்தவருக்கும் கொழும்பில் ஆள் இருப்பவருக்கும் முதலில் போய்ச் சேருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் நடக்கிறது. 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. புற்றுநோய் கிளினிக்கில் ஒரு திகதியைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பது எனக்கு இன்றைக்கும் கோபம் தரும் விஷயம். சிங்களம் தெரிந்த தமிழர்கள் கிளினிக்கில் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் “உங்களுக்கு என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். சிங்களம் தெரியாதவர்கள், கொப்பியில் அடுத்த திகதியை எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள். திகதி எழுதப்படாமல் வெளியே வராதீர்கள்.

வெளியே வாங்குவது பற்றி. மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடையான அரச ஒசுசலவில் முதலில் விசாரியுங்கள். கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்தில் இருப்பது பெரியது. சென்னையில் மாமா இருக்கிறார், வாங்கி அனுப்புவார் என்று ஓடுவதற்கு முன் வாட்டில் கேளுங்கள்: “வெளியிலிருந்து கொண்டு வந்தால் ஏற்றுவீர்களா? என்ன பேப்பர் வேணும்?” இங்கே பதிவில்லாத மருந்தைக் கொண்டுவர தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி தேவைப்படலாம். டொக்டரின் கடிதம், கடை பில், குளிரில் வந்ததற்கான உறுதி எதுவும் இல்லாத குப்பியை ஏற்ற எந்த டொக்டரும் தயங்குவார், தயங்குவது சரிதான்.

பெயரை வாயால் சொல்லி வாங்காதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். டிரஸ்டுசுமாப் என்று ஒன்று, டிரஸ்டுசுமாப் எம்டான்சின் என்று இன்னொன்று. இரண்டும் வேறு மருந்து, அளவும் வேறு. மாற்றி ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. மில்லிகிராம், குப்பி எண்ணிக்கை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குப்பியின் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் பாதி விலை என்று வருவதைத் தொடவே வேண்டாம். 2012இல் அமெரிக்காவுக்குள்ளேயே அவாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் போலிக் குப்பிகள் புகுந்தன. உள்ளே மருந்தே இல்லை. எங்கள் நாட்டிலும் 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்து, முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். தட்டுப்பாட்டின் அவசரத்தில்தான் இப்படிப்பட்டவை உள்ளே வருகின்றன.

குளிசை எடுப்பவர்களுக்கு ஒன்று: முடிந்துவிடும் என்று பயந்து பாதியாக வெட்டியோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டோ நீட்டாதீர்கள். இருக்கும் எண்ணிக்கையை டொக்டரிடம் சொன்னால் மாற்று வழி அவர் சொல்வார். இறந்தவர் வீட்டில் மிஞ்சிய குளிசையை நல்ல மனதோடு கொடுப்பார்கள். வாங்கி, பிரிக்காத அட்டையோடு வாட் பார்மசிஸ்ட்டிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள். காசுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். விசாரிக்கக் காலம் எடுக்கும், ஆகவே மருந்து தீர்ந்த பிறகு போகாமல் சிகிச்சை தொடங்கும்போதே போங்கள்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் கொழும்புக்கே வர வேண்டியதில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, மட்டக்களப்பில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. இங்கே இல்லாத மருந்து அங்கே இருந்த நாட்களும் உண்டு. ஹட்டன் அக்காவின் மிச்ச பக்ளிடாக்செல்லைக் கண்டிக்கு மாற்றித் தரும்படி கேட்டோம்; இளம் டொக்டர் ஒருவர் அன்றைக்கே ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தந்தார். நோயின் வகையும் நிலையும், பயொப்சி அறிக்கையின் பிரதி, இதுவரை ஏறிய ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் திகதியும், தவறிப்போன திகதிகள், ஒவ்வாமை, கடைசி ரத்தப் பரிசோதனை, கடைசியாக எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேன். அதில் இவ்வளவும் இருந்தது. இதே விவரங்களோடு ஒரு தாளை, மாற்றுகிறோமோ இல்லையோ, கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள். போனிலும் ஒரு படம் இருக்கட்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் வாட் தொலைபேசி இலக்கத்தையும் அதே தாளில் எழுதி, பஸ் ஏறுவதற்கு முதல் நாள் பின்னேரம் ஒரு தடவை அழைத்து, மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.